ஒன்பது நாள் பிந்திய முழுப்பாட்டு

கூவைக்குளம் பிடில்காரர் தெருவில் அமலோற்பவம் செய்த பன்னிரண்டாவது பிடில் இன்றைக்கு வாசித்தால் ஒன்பதாம் நாள்தான் கேட்கும். இதைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள், எங்களுக்கு அவர்கள் வாயைப் பிளப்பதுதான் அதிசயமாக இருக்கும், ஏனென்றால் பஸ் பிந்துகிற ஊரில், மழை பிந்துகிற ஊரில், முதியோர் பென்ஷன் மூன்று மாதம் பிந்தி வந்தாலும் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு போகிற ஊரில், ஒரு பாட்டு ஒன்பது நாள் பிந்தி வந்தால் குடியா முழுகிப்போகும். ஆனால் அந்த ஒன்பது நாளுக்குள் ஒரு பெண்பிள்ளையின் பட்டறை அவள் கையை விட்டுப் போகப் பார்த்தது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் தொம்மை. நான் பிடில் செய்கிறவன் இல்லை, வில்லுக்குக் குதிரைமயிர் கட்டுகிறவன். தெருவில் இருக்கிற இருபத்துமூன்று பட்டறைக்கும் நான் வேண்டும், இருபத்துமூன்றில் எதற்கும் நான் போட்டியில்லை, ஆகையால் எல்லா வீட்டுக்குள்ளும் போவேன், எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி என்னிடம்தான் சொல்லுவார்கள், நானும் காது புளிக்கக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

எங்கள் முப்பாட்டன்மார் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தவர்கள். கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் பிடில் உடைந்துபோய், அதை ஒட்டிக் கொடுத்தவன் அதைப் பார்த்தே இன்னொன்று செய்து கொடுத்து, அது பூசையில் பாடி, மனுசன் ஒருதரம்தான் சாவான், பூசையோ வாராவாரம் உண்டு என்று யோசித்துப் பார்த்துத் தெருவே தொழிலை மாற்றிக்கொண்டது என்று சொல்லுவார்கள். சவப்பெட்டி செய்த கை என்பதால் எங்கள் பிடில்களில் மூட்டு மட்டும் விடவே விடாது, அதை யாரும் பெருமையாக வெளியே சொல்லுவதில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறபடியால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு: பிடிலைச் செய்தவன் அதில் முதல் வில் போடக்கூடாது. பக்கத்துப் பட்டறைக்காரன்தான் போடவேண்டும், அதாவது போட்டிக்காரன், அதாவது உன் பிடில் நன்றாக இருந்துவிடக்கூடாதே என்று ஒவ்வொரு சாயங்காலமும் செபமாலை சொல்லுகிறவன். அவன் வந்து, சங்கீதத்துக்குக் காவலான புனித செசிலியம்மாள் பேரில் செசிலியம்மாள் பாட்டு என்று நாங்கள் சொல்லுகிற எட்டடிப் பாட்டை எடுப்பான். பிடில் பிடிக்காவிட்டால் நாலாவது அடியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவான், அது பாதிப்பாட்டு. பிடித்துவிட்டால் எட்டடியும் வாசித்து முடிப்பான், அது முழுப்பாட்டு. வாயால் ஒரு வார்த்தை சொல்லமாட்டான், சொல்லவும் கூடாது. முழுப்பாட்டு வாங்கினவன் மாஸ்டர், வாங்காதவன் தச்சன்.

அமலோற்பவத்தின் புருசன் மிக்கேல் மாஸ்டர். அவன் செத்த பிறகு அவன் போர்டின் கீழே அவள் உட்கார்ந்து பிடில் செய்ய ஆரம்பித்தாள், மிக்கேல் உயிரோடு இருந்தபோதே பாதி வேலை அவள் கைவேலைதான் என்பது எனக்குத் தெரியும், வில் கட்டப் போகிறவனுக்கு எந்தக் கை எந்த உளியைப் பிடிக்கிறது என்று தெரியாதா. ஆனால் வழக்கத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது: மாஸ்டர் செத்தால், அவன் இடத்தில் உட்காருகிறவர்கள் ஏழாவது செசிலியம்மாள் திருவிழாவுக்குள் ஒரு முழுப்பாட்டு வாங்கியாகவேண்டும், வாங்காவிட்டால் போர்டை இறக்கி, உளியையும் மரத்தையும் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்துவிடவேண்டும். பக்கத்துப் பட்டறை யாருடையது என்றால் மிக்கேலின் அண்ணன் இஞ்ஞாசியுடையது. முதல் வில் போட உரிமை உள்ளவர் யார் என்றால் அதே இஞ்ஞாசி. வேலியே பயிரை மேய்கிற இந்தக் கூத்தைத் தெருவில் அறுபது பேர் அறுபது விதமாக என்னிடம் திட்டினார்கள், பட்டறைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் மட்டும் வழக்கம் வழக்கம்தானே என்று தலையாட்டினார்கள்.

இஞ்ஞாசி ஆறடி ஆள். இடது கையில் மோதிரவிரலின் நுனி உளிபட்டுப் போனது, அதனால் அந்த விரல் வைக்கிற இடத்தில் அவருடைய சுரம் மட்டும் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு ஏறும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர்தான் என்று தெரு சொல்லிவிடும். வாசிப்பதற்கு முன்னால் பிடிலின் மேல்பலகையை விரல்முட்டியால் மூன்று தட்டுத் தட்டுவது அவர் பழக்கம். தம்பி செத்த நாளிலிருந்து தம்பி பெண்டாட்டியோடு அவர் நேராகப் பேசினதில்லை, ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் என்னைப் பார்த்துச் சொல்லுவார், நான் இல்லாவிட்டால் கோழியைப் பார்த்துச் சொல்லுவார். ஏழு வருசத்தில் அவள் செய்த பதினொரு பிடிலுக்கும் வந்தார், தட்டினார், நாலாவது அடியில் நிறுத்தினார், போனார்.

பன்னிரண்டாவது பிடில் மாதா திருநாள் கழிந்து முடிந்தது. திருவிழாவுக்கு மூன்று மாதம், இன்னொன்று செய்ய நேரமில்லை, இதுதான் கடைசி. அமலோற்பவம் ஆள் அனுப்பினாள், இஞ்ஞாசி வரவில்லை. காலில் ஆணி என்றார், அடுத்த நாள் பல்வலி என்றார், அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்றார். முதல் வில் படாத பிடிலை யாரும் தொடக்கூடாது, அது அவள் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு ஒன்பது நாள் காத்துக்கிடந்தது.

பத்தாம் நாள் காலையில் வந்தார். சங்கத் தலைவர் கயத்தானும் வந்தார், தெருவும் வந்தது. இஞ்ஞாசி பிடிலை எடுத்து மூன்று தட்டுத் தட்டினார், சத்தமில்லை. வில்லை வைத்து இழுத்தார், கை போனது, வில் போனது, கம்பி அதிர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. சுரக்காயைத் தடவினால்கூட இதைவிடச் சத்தம் வரும். நாலாவது அடிவரை விரலோட்டி நிறுத்திவிட்டுப் பிடிலைக் கீழே வைத்தார்.

"தொம்மை, ஊமைப் பிள்ளையைப் பெத்து வச்சிருக்காள்னு சொல்லும்," என்றார் என்னைப் பார்த்து. அவள் அங்கேதான் நின்றாள்.

"கம்பி அதிருது. சத்தம் எங்கேயோ இருக்கு, வரும்னு சொல்லுங்க," என்றாள் அவளும் என்னைப் பார்த்து. நான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்பெட்டி மாதிரி நின்றேன்.

ஒன்பது நாள் கழிந்து காலை பதினொரு மணிக்கு அவள் சாளைமீன் கழுவிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து மூன்று தட்டுக் கேட்டது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று ஈரக்கையோடு எழுந்தாள். அப்புறம் பாட்டு வந்தது, மோதிரவிரல் சுரம் வழுக்கி ஏறிக்கொண்டு, நாலாவது அடியில் வெட்டினாற்போல் நின்றது. நான் அப்போது எதிர்வீட்டில் வில் கட்டிக்கொண்டிருந்தேன். என்ன சத்தம் அது என்கிறீர்கள், பழுத்த சத்தம், அடியில் கனமும் மேலே கூர்மையும், நாற்பது வருசம் வில் கட்டியிருக்கிறேன், அப்படி ஒன்று என் காதில் விழுந்ததில்லை. பக்கத்துப் பட்டறையில் இஞ்ஞாசி சீவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது, அன்று முழுக்க அது திரும்பக் கேட்கவில்லை.

ஏன் அப்படி என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பங்குச் சாமியார் அது நவநாள் என்றார். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் பெட்டிபெட்டியாக யந்திரம் கொண்டுவந்து இரண்டு வாரம் தங்கி, சத்தம் தாமதமாகத்தான் வருகிறது என்று கண்டுபிடித்து எழுதிக்கொண்டு போனார். அமலோற்பவம் மட்டும் என்னிடம் வேறு சொன்னாள், என்னை முறைக்குக் கொழுந்தனார் என்றுதான் கூப்பிடுவாள்: "பிறந்ததும் ஒன்பது நாள் காக்க வச்சாங்கல்லா கொழுந்தனாரே, அது காத்திருக்கப் படிச்சுக்கிட்டு. பிள்ளைக்கு முதல்லே என்ன சொல்லிக்குடுக்கமோ அதுதான் நிக்கும்." எனக்கு இதுதான் சரியாகப் பட்டது, ஆனால் காரணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய, நாளைக் கணக்குப் பண்ணத் தெரிந்தால் போதாதா.

சங்கம் மூன்று தடவை கூடியது. கயத்தான் பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன், அவர் தீர்ப்பும் அப்படியே இருந்தது: வில் பட்டாயிற்று, ஆகையால் இனி யார் வேண்டுமானாலும் அந்தப் பிடிலை வாசிக்கலாம், ஆனால் வாசித்தவர் காதில் விழாததால் அது பாதிப்பாட்டும் ஆகாது, முழுப்பாட்டும் ஆகாது, திருவிழாவுக்குள் இஞ்ஞாசி மனம்வைத்தால் திரும்ப வாசிக்கலாம், வைக்காவிட்டால் போர்டு இறங்கும்.

"கையிலே பிடிச்சிருக்கும்போது கேக்காத ஒண்ணை நான் எப்படி மெச்சுறது? எட்டடியும் வாசிச்சிட்டு ஒன்பது நாள் கழிச்சுக் கேட்டு, சே, தப்பா வாசிச்சிட்டேன்னு சொல்லவா? முடியாது," என்றார் இஞ்ஞாசி. நியாயம் அவர் பக்கமும் கொஞ்சம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

இதற்கிடையில் தெரு அந்தப் பிடிலோடு வாழப் பழகிக்கொண்டது. கோயில் பாட்டுக்குழு அதைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமையே வாசித்து வைத்தது, பூசையன்று பிடில்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நாற்காலியில் படுத்துக்கொண்டு பிடில் தானாகப் பாடியது, சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் பாட்டு நிற்காது என்பதால் அவரும் பன்னிரண்டு நிமிசத்தில் முடிக்கப் பழகினார், அந்த ஒரு புண்ணியத்துக்காகவே சனம் கையெடுத்துக் கும்பிட்டது. கல்யாணங்களுக்கும் முன்கூட்டியே வாசித்து வைத்தார்கள். ஒரு கல்யாணம் இடையில் நின்றுபோக, கல்யாணப் பாட்டு மட்டும் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டது, பெண் வீட்டார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் முழுப்பாட்டையும் கேட்டு முடித்துப் பிறகு சாப்பிடப் போனார்கள்.

சந்தியாகு என்று ஒரு கிழவர் இழுத்துக்கொண்டு கிடந்தார், அவருடைய மக்கள் வைத்தியரிடம் நாள் கேட்டுக்கொண்டு வந்து அடக்கப் பாட்டை வாசித்து வைத்தார்கள். ஒன்பதாம் நாள் கிழவர் தலையணையில் சாய்ந்துகொண்டு தன் அடக்கப் பாட்டைத் தானே கேட்டார். கேட்டு முடித்து, கொஞ்சம் விரட்டி வாசித்துவிட்டார்கள், அவ்வளவு அவசரம் என்ன என்று கேட்டுவிட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார். இன்றைக்கும் இருக்கிறார்.

வெளியூரிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு குறிகேட்கவும் வந்தார்கள். அது நாளை நடப்பதைச் சொல்லாது, போன வாரம் நடந்ததைத்தான் சொல்லும் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது, பிந்தி வருகிற எதையும் தெய்வவாக்கு என்று எடுத்துக்கொள்ளுகிற சனம். அவர்களுக்குச் சுக்குக்காப்பி விற்றுத் தெருமுனையில் இரண்டு கடை நிமிர்ந்தது.

இத்தனை பேர் இத்தனை விதமாக அந்தப் பிடிலால் பிழைத்தார்கள், செய்தவள் மட்டும் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போனேன், உளிகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த்துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மைனி, இப்பவே அடுக்குறியளா?"

"துருப்பிடிச்ச உளியைக் குடுத்தாள்னு பேர் வரக்கூடாதுல்லா," என்றாள். கை நிற்கவில்லை. "எனக்கு இந்தப் போர்டு போறது சங்கடம்தான். ஆனா அதைவிடச் சங்கடம் ஒண்ணு உண்டு கொழுந்தனாரே. பதினொண்ணும் நல்லாயில்லையா, இல்லை நான் நல்லாயில்லையான்னு எனக்கு இன்னும் தெரியலை. அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா உளியைத் தூக்கிக் குடுத்திட்டு மீன் விக்கப் போயிருவேன்." சொல்லிவிட்டு அழுதாள். நான் இஞ்ஞாசியை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன், நேரே திட்டியிருக்கலாம், வில் கட்டுகிறவனுக்கு இருபத்துமூன்று பட்டறையும் வேண்டுமே.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்னால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடியேற்றம். தெருவில் ஒரு குஞ்சுகூட வீட்டில் இருக்காது, பட்டறைகளைப் பூட்டுகிற வழக்கமும் இல்லை. அமலோற்பவமும் கோயிலுக்கு வந்திருந்தாள். இஞ்ஞாசி வரவில்லை, வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை இருக்கிறது, தலைமுடி கொடுக்கவேண்டும், திருவிழா கழிந்துதான் வருவேன் என்றார்.

"திருவிழாவுக்கு இல்லாம எப்படி?" என்று கேட்டேன்.

"தம்பி போர்டை இறக்குறதைப் பாக்க என் மனசு கேக்காது வே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தெருவில் பாதிப்பேர் அவருக்கு எவ்வளவு இளகின மனசு என்றார்கள், மீதிப்பேர் உளி வைக்க அவர் பட்டறையில் புது அலமாரி அடிக்க இடம் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன், அவருடைய சட்டைக்கையில் வில்லுக்குத் தேய்க்கிற பிசின்தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. வயிற்றுப்போக்குக்காரருக்குப் பிசின் எதற்கு என்று தோன்றியது, அப்புறம் மறந்துவிட்டேன்.

திருவிழா அன்று சாயங்காலம் சப்பரம் தெருவைச் சுற்றி வந்து கோயிலுக்குள் போனதும், கயத்தான் ஏணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அமலோற்பவம் பட்டறைக்கு வந்தார். திருவிழா வேட்டியோடு தெருவே பின்னால் வந்தது. எல்லார் முகத்திலும் துக்கம், எல்லார் கையிலும் கடலைமிட்டாய். ஏணியைப் பிடித்துக்கொள்ள என்னைச் சொன்னார்கள். அமலோற்பவம் கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள், அவள் பின்னால் சுவரில் பிடில் தொங்கியது. கயத்தான் ஏறி, இது சங்கத்தின் முடிவு, என் முடிவு இல்லை என்று மேலேயிருந்து ஒரு தடவை சொல்லிவிட்டு முதல் ஆணியில் சுத்தியலின் பிளந்த முனையைக் கொடுத்தார்.

மூன்று தட்டுக் கேட்டது.

கயத்தான் தன் சுத்தியல்தான் என்று நினைத்துச் சுத்தியலைப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து பாட்டு எழுந்துவிட்டது. செசிலியம்மாள் பாட்டு, முதல் அடி, இரண்டாம் அடி, மோதிரவிரல் சுரம் வழுக்கி ஏறியது, இஞ்ஞாசி என்று யாரோ சொன்னார், இஞ்ஞாசி இஞ்ஞாசி என்று அது வாய்க்கு வாய் தெருமுனைவரை போனது. மூன்றாம் அடி, நாலாம் அடி. நின்றது.

பன்னிரண்டு தடவை கேட்ட நிறுத்தம்தானே, எங்களுக்குத் தெரியாததா. அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள். கயத்தான், சரி, என்று சொல்லித் திரும்பவும் ஆணியைப் பிடித்தார்.

அப்போது ஐந்தாம் அடி வந்தது. தயங்கித்தான் வந்தது, ஏழு வருசமாக அந்த இடத்தில் நிறுத்திப் பழகின கை அல்லவா, படலையைத் திறக்கத் தெரியாத மாடு மாதிரி முட்டிக்கொண்டு நின்று அப்புறம் வந்தது. வந்தபிறகு நிற்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. எட்டு முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து எடுத்தார், நடுவில் ஒரு இடத்தில் தப்பினார், தப்பின அடியைத் திருப்பி வாசித்தார், காது கேட்காமல் வெறும் விரலை மட்டும் நம்பி ஆள் இல்லாத பட்டறையில் ஒரு கிழவன் நின்று வாசித்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் பிடித்திருந்த ஏணி கொஞ்சம் ஆடியது, கயத்தான் மேலேயிருந்து கத்தினார்.

ஏணியை நேர்ப்படுத்தும்போது தெருமுனையைப் பார்த்தேன். சுக்குக்காப்பிக் கடையை ஒட்டி, மொட்டைத்தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, கையில் பையோடு ஆறடிக்கு ஒரு ஆள் நின்றார். கண் மூடியிருந்தது. இடதுகை விரல்கள் பையின் வாரில் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டு நடக்கும்போது ஊரில் இருக்கக்கூடாது என்றுதான் வேளாங்கண்ணிக்குப் போனார், அங்கே மாதா முன்னால் நின்றபோது தான் வாசித்ததைத் தான் கேட்காமலே போய்விடுவோமே என்று நினைப்பு வந்ததாம், பஸ் மாறி மாறி வந்து இறங்கியிருக்கிறார். எங்கள் ஊர் பஸ் சரித்திரத்தில் நேரத்துக்கு வந்தது அந்த ஒரு பஸ்தான்.

பாட்டு முடிந்தது. தெரு அவரைத் திரும்பிப் பார்த்தது. ஓடுவதற்கு இடமில்லாமல் நடந்து வந்தார்.

கயத்தான் ஏணியில் இருந்தபடியே தொண்டையைக் கனைத்தார். "கேக்காம வாசிச்ச முழுப்பாட்டு செல்லுமான்னு சங்கம் கூடித்தான்..."

"ஏணியிலே இருந்து இறங்கிப் பேசுங்க," என்றாள் அமலோற்பவம். அவர் இறங்கினார். அவள் என்னைப் பார்க்கவில்லை, கோழியையும் பார்க்கவில்லை. "அத்தான், கையிலே பிடிச்சிருக்கும்போது கேக்காத ஒண்ணை மெச்ச முடியாதுன்னு சொன்னீங்க. பிறகு எப்படி எட்டடி வாசிச்சீங்க?"

இஞ்ஞாசி வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "தொம்மை, அவகிட்ட சொல்லும்..." என்று ஆரம்பித்தார். நான் ஏணியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார். "நமக்கு நடுவிலே ஒத்தைச் செங்கல் சுவரு," என்றார். "பலகையைத் தட்டிப் பாக்கிறேல்லா. ஒரு தட்டு, கொஞ்சம் சீவல், திரும்ப ஒரு தட்டு. ஏழு வருசமா எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. எந்தத் தட்டுக்கு நீ உளியைக் கீழே வைப்பேன்னு எனக்குத் தெரியும். அதே இடத்திலேதான் நானும் வைப்பேன்."

பிடில் பலகை எப்போது போதும் என்பதைக் கண் சொல்லாது, தட்டினால் வருகிற சத்தம்தான் சொல்லும். அதைச் சுவர்வழியாகக் கேட்டவனுக்குப் பிடில் பாடி வேறு காட்டவேண்டியதில்லை, தெருவில் எல்லாருக்கும் அது விளங்கியது, கயத்தானுக்கும்கூட.

அமலோற்பவத்துக்கு இன்னொன்றும் விளங்கியது. "அப்போ முந்தின பதினொண்ணு?"

இஞ்ஞாசி மொட்டைத்தலையைத் தடவினார். "அதுவும் கேட்டுச்சு."

"நல்லாயிருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் முகத்தை நான் பார்த்தேன். சந்தோசம் இருந்தது, வெட்டிப்போடுகிற ஆத்திரமும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே முகத்தில். "என்னோட பதினொரு பிள்ளைகளை மொட்டையடிச்சு உலகத்துக்கு அனுப்பியிருக்கீங்க," என்றாள். "இன்னைக்குத்தான் உங்க தலைக்கு வந்திருக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கயத்தான் பாதி பிடுங்கின ஆணியைத் திரும்ப அடித்துவிட்டுப் போனார், சங்கக் குறிப்பேட்டில் அன்று, போர்டு சோதித்துப் பார்க்கப்பட்டது, உறுதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது.

இதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் முழுப்பாட்டு வாங்கினவள் மாஸ்டர், மாஸ்டருக்கு மாஸ்டருக்குரிய உரிமை உண்டு. தம்பி இருந்தவரை இஞ்ஞாசியின் பிடில்களுக்கு மிக்கேல்தான் முதல் வில், அவன் போனபிறகு பக்கத்தில் மாஸ்டர் யாரும் இல்லாததால் கயத்தான் வந்து வாசித்துக்கொண்டிருந்தார். இப்போது பக்கத்தில் மாஸ்டர் இருக்கிறாள்.

தை மாதம் இஞ்ஞாசி ஒரு பிடில் முடித்தார். முறைப்படி ஆள் அனுப்பினார். அமலோற்பவம் காலில் ஆணி என்றாள். அடுத்த நாள் பல்வலி என்றாள். அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்றாள். ஒன்பது நாள் அந்தப் பிடில் ஆணியில் தொங்கியது, இஞ்ஞாசி அதைப் பார்க்கிறதும் சுவரைப் பார்க்கிறதுமாக இருந்தார், இதுவும் காத்திருக்கப் படித்துக்கொள்ளுமோ என்று அவருக்குப் பயம் என்று தெரு சிரித்தது.

பத்தாம் நாள் வந்தாள், நான் புதுசாக மயிர் கட்டிக் கொடுத்த வில்லோடு. பிடில் உடனே பாடியது, பயப்பட ஒன்றும் இல்லை. முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி, எங்களுக்கெல்லாம் நன்றாகத்தான் கேட்டது. நாலாம் அடி முடிந்தது. வில்லை எடுத்தாள், பிடிலை மேசைமேல் வைத்தாள், முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

பழிவாங்கிவிட்டாள் என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள், இருக்கட்டும், இன்னும் பத்து இருக்கிறது என்றும் சொன்னார்கள். இஞ்ஞாசி பிடிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, மேல்பலகையின் துவாரம் வழியாக ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். பிடிலுக்குள்ளே பசையும் ஆணியும் இல்லாமல், மேலேயும் கீழேயும் பலகைகள் அழுத்துகிற அழுத்தத்தில் மட்டும் நிற்கிற ஒரு சின்னக் குச்சி உண்டு, எங்கள் தெருவில் அதை உள்ளாள் என்போம், அது நேராக நின்றால்தான் பிடிலுக்கு உயிர். வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தார்.

"அவ சொன்னது சரிதான் வே," என்றார். "உள்ளாள் ஒரு நெல்லளவு சாஞ்சு நிக்கான். பழைய பிடில்லேயும் இப்படித்தான் நின்னிருப்பான், இந்த ஏழு வருசமும் கயத்தான் முழுப்பாட்டா வாசிச்சு வாசிச்சு என்னைக் கெடுத்துட்டான்."